ஊதா என்று சொன்னவன்

எங்கள் வகுப்பில் அவனுக்கு சிக்னல் என்று பெயர் வைத்ததே நான்தான். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்குப் பிடிபடாது என்பது கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ரோட்டில் சிக்னலை எப்படிடா கடக்கிறாய் என்று வம்புக்கு இழுத்தேன். "மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இதுக்கு எதுக்கு கலரு?" என்றான். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், என் டிபன் டப்பாவில் பாதியைக் காலி செய்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து லேப்பில் இரண்டு பேரும் ஒரே மேஜை.

அவன் அப்பா கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கீறல் விழுந்த கதவைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த டப்பாவோடு எதைக் கலக்கவேண்டும் என்று சொல்லிவிடுவாராம். ஒரு பள்ளி விடுமுறையில் மகன் பட்டறைக்கு ஒத்தாசைக்குப் போனான். மெரூன் நிறக் கார் ஒன்று, ஒரு கதவு மட்டும் கரும்பச்சையாக வெளியே போனது. வண்டிக்காரர் போட்ட சத்தத்தில் பட்டறையே கூடிவிட்டது. உனக்கு இந்தத் தொழில் சரிப்படாது, வேறு எதையாவது படி என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையாண்டான் தேடித் தேடிச் சேர்ந்த இடமோ நுண்ணுயிரியலும் நோய்த்தடுப்பியலும். பள்ளியில் ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு இதே பைத்தியம்.

எங்கள் படிப்பில் எடுத்த எடுப்பில் கேட்பதே நிறம்தான். பாக்டீரியா உலகத்தில் பெரிய கட்சிகள் இரண்டு. ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றிக் கழுவினால் ஒரு கட்சி ஊதாவாக நிற்கும், இன்னொன்று ரோஸாகிவிடும். எந்தக் கட்சி என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. சிக்னலுக்கு இரண்டும் ஒரே அழுக்கு நிறம். அதனால் அவன் லென்ஸைத் திருகிச் சரிசெய்வான், நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதா, ரோஸ் என்று முணுமுணுப்பேன். அவனுக்குக் கண்ணே நான்தான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பதிலுக்கு அவன் எனக்கு நோய்த்தடுப்பியல் சொல்லிக்கொடுத்தான். அதில் அவன் புலி. வெள்ளையணுவுக்குக் கண்ணா இருக்கிறது, தொட்டுப் பார்த்து உருவத்தை வைத்துத்தானே எதிரியைப் பிடிக்கிறது என்று சொந்தக்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பெருமையாகச் சொல்வான்.

செய்முறை வகுப்பு எடுக்கிற மேடம் கண்கொத்திப் பாம்பு. ஒருநாள் நான் முணுமுணுத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்கிறார். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் இரண்டு ஸ்லைடு கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டையும் மாற்றிச் சொன்னான்.

மேடம் திட்டவில்லை. "நாளைக்கு நீ ஒரு ஆஸ்பத்திரி லேப்ல உக்காந்து தப்பா எழுதினா, நோயாளிக்குத் தப்பான மருந்து போகும். அப்ப பக்கத்துல இவ இருக்கமாட்டா," என்றாராம். வருடக் கடைசிச் செய்முறைத் தேர்வை அவன் தனியாகச் செய்யவேண்டும். சரியாகச் சொன்னால் இந்தத் துறையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கிற வளாகத்தில் புள்ளியியல் படிக்கப் போகவேண்டும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேராக மேடம் அறைக்குப் போய், இது அநியாயம் என்று வாதாடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, அவனுக்காகப் பேசுகிறாயா, அவனுக்குக் கண்ணாக இருக்கிற உன் பதவி போகிறதே என்று பேசுகிறாயா என்றார். முகத்தில் ஈயாடாமல் வெளியே வந்தேன்.

சிக்னல் சும்மா உட்காரவில்லை. நூலகத்தில் பழைய செய்முறைப் புத்தகங்களைக் குடைய ஆரம்பித்தான். ஒருநாள் ஓடிவந்து, நிறமே பார்க்காமல் கட்சியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றான். ஸ்லைடில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, பாக்டீரியாவை அதில் குழைத்து, கம்பி வளையத்தால் மெல்லத் தூக்கவேண்டும். ரோஸ் கட்சிக்குச் சுவர் மெல்லிசு, உடைந்து உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வந்து நூலாக நீளும். ஊதா கட்சிக்குச் சுவர் தடிமன், நூல் வராது. சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம் பார்க்கிற அதே வேலை. லேப் அக்காவிடம் கெஞ்சி மருந்து வாங்கி, கண்ணில் பட்ட பாக்டீரியா வளர்ப்பையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தான். நான் சாயம் ஏற்றிச் சரிபார்ப்பேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனாலும் அவன் வீட்டில் நம்பிக்கை இல்லை. தேர்வன்றைக்குத்தான் பட்டறை வேன் கிடைக்கும் என்று அப்பா காலையிலேயே வந்து, விடுதியில் இருந்த பெட்டியையும் மெத்தையையும் ஏற்றி வைத்துவிட்டார். திட்டவில்லை, புலம்பவில்லை. போகிற இடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்குமாம் என்று மட்டும் சொன்னார். சிக்னல் வேனைப் பார்க்காமலே தேர்வுக்குள் போனான்.

ஆளுக்கொரு வளர்ப்புக் குழாய், உள்ளே இருப்பது எந்தக் கட்சி என்று எழுதவேண்டும். என் குழாயில் இருந்த எண்ணே அவனுடையதிலும் இருந்ததைப் பார்த்துக்கொண்டேன். கடகடவென்று சாயம் ஏற்றினேன். பளிச்சென்று ரோஸ். எழுதி முடித்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. அப்புறம் எழுந்து போய் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வாங்கி வந்தான். குழைத்தான், தூக்கினான். நூல் வரவில்லை. மறுபடி தூக்கினான். வரவில்லை. எனக்கு உயிரே போனது. ரோஸ்டா, ரோஸ் என்று கத்தத் தோன்றியது. கத்த முடியாதே, என் ரோஸ் கைக்குட்டையை எடுத்து அவன் பக்கமாக ஆட்டினேன். யாரிடம் எதை ஆட்டுகிறோம் என்ற புத்தி வேண்டாமா எனக்கு.

வெளியே வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஊதா என்றான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன், ரோஸ் என்று கொட்டித் தீர்த்தேன்.

"நடுவுல ஓட்டை ஓட்டையா இருந்துச்சே, பார்த்தியா?"

"சாயம் சரியா ஏறலை, அவ்வளவுதான்."

"அது ஓட்டை இல்ல, வித்து. கஷ்ட காலத்துக்குன்னு உள்ளே ஒளிச்சு வைக்கிற விதை, அதுல சாயம் ஏறாது. ரோஸ் கட்சில வித்து வைக்கிறவன் எவன் இருக்கான், சொல்லு."

ரோஸ் ரோஸ்தான் என்று அடித்துப் பேசினேன். தெரியாததை ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்த அப்பா வேனில் இருந்த சாமான்களைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

மாலையில் மேடம் எல்லாரையும் லேப்புக்குக் கூப்பிட்டார். எல்லாக் குழாயிலும் ஒரே பாக்டீரியாதான் என்றார். ரோஸ் என்று எழுதியவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போனது, ஒன்றைத் தவிர. எனக்கு அவனைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"வேணும்னே பழைய வளர்ப்பா வெச்சேன். வயசானா ஊதா கட்சிக்குச் சுவர் தளர்ந்துடும், சாயத்தைப் பிடிச்சு வைக்க முடியாது, ரோஸாத் தெரியும். வகுப்புல சொல்லியிருக்கேன். ஒருத்தரும் காதுல வாங்கலை," என்றார்.

அது எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கியதும் நான் போட்ட கூச்சலில் லேப் அக்கா கையிலிருந்த பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணுள்ளவர்கள் நாங்கள் மொத்தமாக மண்ணைக் கவ்வியிருந்தோம். வாழ்க்கையில் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

சத்தம் கேட்டு அப்பா வாசலில் வந்து நின்றார். கிளம்பலாமா என்று மகனைப் பார்த்துக் கேட்டார். மேடம் அவரை உள்ளே அழைத்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். பெயின்ட் என்றதும், என் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, உங்களைவிட நிறம் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை, இது என்ன நிறம் சொல்லுங்கள் என்று உட்காரவைத்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"ரோஸ் மேடம். லேசா பழுப்பு தட்டின ரோஸ். சந்தேகமே இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க. எல்லாரும் தப்பு. உங்க பையன் ஒருத்தன்தான் சரியாச் சொன்னான். அவன் இங்கதான் படிப்பான்."

அப்பா மறுபடியும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மூன்றாவது முறையும் குனிந்து பார்த்தார். கடைசியில், "அப்ப அந்த மெரூன் கதவையும் நான்தான் தப்பாப் பார்த்தேனா?" என்றார்.

லேப்பே அதிர்ந்தது. மேடம் சிரித்து அன்றுதான் பார்த்தேன். போகும்போது என்னிடம் நின்று, உன் கண் நல்ல கண்தான், ஆனால் அதையே நம்பிக்கொண்டிருக்காதே என்றார். அடுத்த வருடம் முதல் எல்லாரும் இரண்டு சோதனையும் செய்யவேண்டும், சொல்லிக்கொடுக்கப்போவது சிக்னல் என்றும் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்துச் சாமான்களை இறக்கினோம். பெட்டியை நானும் அவனும் தூக்கினோம். மெத்தையை யாருக்கும் கொடுக்காமல் அப்பாவே தோளில் போட்டுக்கொண்டு விடுதி மாடிப்படி ஏறினார். எதிரே இறங்கி வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, என் பையன் ஒருத்தன்தான் ஊதான்னு சொன்னான் என்றார். எதைச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

வேன் காலியாகத் திரும்பிப் போனது.