டயப்பர் மாற்றிய கை

குழந்தையின் தொடையிடுக்கு செக்கச்செவேலென்று புண்ணாகியிருந்தது. "டயப்பர் ஈரமானா உடனே மாத்துங்க. தண்ணியில கழுவி, ஒத்தித் துடைச்சு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டு, அப்புறம் களிம்பு தடவுங்க," என்றார் டாக்டர். மனைவி பகல் பொறுப்பைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு ஆபீஸ் போனாள். அவன் மடிக்கணினியைவிட்டு அசையவில்லை.

ஆனால் தினமும் குழந்தை களிம்போடு, காய்ந்த டயப்பரில் சுகமாகக் கிடந்தது. மனைவிதான் மதியம் வந்துபோகிறாள் என்று நினைத்துக்கொண்டான். புண் ஆறியதும் பெருமையை மட்டும் தானே எடுத்துக்கொண்டான்.

"குழந்தை வளர்ப்பு ஒரு விஞ்ஞானம், அத்தை," என்றான் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மாமியாரிடம்.

"எங்க, மாத்துங்க மாப்ளே, பாப்போம்."

அவன் டயப்பரை முன்பின்னாகப் பிடித்தான். பட்டை விரலில் ஒட்டிக்கொண்டது.

"அப்போ இத்தனை நாள் மாத்தினது யாரு?" என்றாள் மனைவி.

"நீதானே, மத்தியானம் வந்து?"

"நான் ஆபீஸவிட்டு நகரவே இல்லையே!"

குழந்தை யாருமற்ற சுவர்ப்பக்கம் பார்த்துச் சிரித்தது. அதன் இரண்டு கால்களும் மெல்ல உயர்ந்து, யாரோ கணுக்காலைப் பிடித்திருப்பதுபோல் அந்தரத்தில் நின்றன.

மாமியார் டயப்பரைப் பிடுங்கிக் குழந்தையருகே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். "தள்ளுங்க மாப்ளே. தெரிஞ்சவங்க செய்யட்டும்."