செம்புத்தலை மாப்பிள்ளை

கிரேக்கர்கள் வாழும் கார்பதோஸ் தீவில், மலைமேல் இருந்த ஒலிம்பொஸ் கிராமத்துக்குக் கடல் மலையேறி வந்தது 1887இல், ஈஸ்டர் கழிந்த பிறகு. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. அது கலித்சாவின் வீடு.

கலித்சாவுக்கு இரண்டு பெண்கள். ஊர் வழக்கப்படி வீடும் ஒலிவ மரங்களும் தங்கக் காசுமாலையும் மூத்தவள் ரிகொபூலாவுக்கு. இளையவள் சோஃபில்லாவுக்கு அக்காள் வீட்டு வேலை. மாப்பிள்ளை வந்து குடியேறப் பெண்ணுக்கு வீடு வேண்டும்; வீடில்லாதவளுக்குக் கல்யாணம் இல்லை. இதை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை. காலிம்னொஸ் தீவின் மினாஸ் கடலடிக்கு மூழ்கிக் கடற்பஞ்சு எடுப்பவன். தண்ணீர் பிடிக்கக் கரையிறங்கியவன், துணி துவைத்துக்கொண்டிருந்த சோஃபில்லாவைப் பார்த்தான். இரண்டு குளிர்காலம் வந்து வந்து பார்த்தான். பிறகு பெண் கேட்டு மலையேறினான்.

"வீடு எங்கப்பா இருக்கு?" என்றாள் கலித்சா.

"படகுதாம்மா வீடு."

"அப்ப அந்த வீட்டக் கொண்டாந்து என் வாசல்ல கட்டு. கட்டின அன்னைக்கே பொண்ணத் தர்றேன். சாமி சாட்சி."

பக்கத்தில் இருந்த பாதிரியாரும் சிரித்துவிட்டார். சோஃபில்லா சிரிக்கவில்லை. மினாஸ் தலையாட்டிவிட்டு, ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் கப்பலில் ஏறினான். ரப்பர் உடுப்பும் செம்புத் தலைக்கவசமும் மாட்டி இறங்கும் முறை அப்போது புதிது. அப்படி இறங்கியவர்களில் பலர் கால் விளங்காமல் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை.

அவன் போன சில வாரங்களில் கடல் ஓடைப் பள்ளம் வழியாக ஏறியது. ஒரு கழுதை நடக்கும் அகலம்தான். அலை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களும் காய்ந்தே இருந்தன. ஆட்டுத் தொட்டியில் கணவாய் மீன் வந்து படுத்துக்கொண்டது.

"உங்க கடல் என் கோழியக் கொண்டுபோயிருச்சு" என்றாள் அடுத்த வீட்டு ஃபூலா.

"மீன எடுத்துக்கோ. கோழி முட்டைதான போடும், மீன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் கலித்சா.

ஆனால் அது சாதாரணத் தண்ணீர் இல்லை. வாசற்படியில் போட்ட கல் அடி தொடவே இல்லை. தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு விரல் மரத்துப்போனது. நாய்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின.

"அவ போயிட்டா என் வீட்ட யாரு பாக்குறது? அடைச்சு வைம்மா" என்றாள் ரிகொபூலா. சோஃபில்லாவைப் பரணில் அடைத்தார்கள். மறுநாள் தண்ணீர் பரண் கதவுவரை வந்து நின்றது. கலித்சா பரண் ஏணியில், முழங்காலளவு கடலில் நின்று யோசித்தாள். பிறகு பூட்டைத் திறந்தாள்.

ஞாயிறன்று படகு வாசலில் வந்து முட்டியது. உள்ளே ஒருவன்தான், நின்றபடி, உடுப்போடும் தலைக்கவசத்தோடும். கண்ணாடி உள்ளிருந்து வியர்த்திருந்தது.

"அதக் கழட்டுப்பா, முகம் தெரியணும்ல" என்றார் பாதிரியார். அவன் தலையசைத்து மறுத்தான்.

"இது அவன்தானாடி?" என்றாள் ரிகொபூலா.

சோஃபில்லா அவனுடைய வெறுங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "அவருதான். ஜில்லுன்னு இருக்கு. பரவால்ல."

பாதிரியார் கல்யாணத்துக்குச் சூட்டிய மணமுடி செம்பில் நிற்காமல் வழுக்கியது. அவளே தன் தலைத்துணியால் கட்டிவிட்டாள். இருவரையும் ஏற்றிக்கொண்டு படகு பள்ளத்தில் இறங்கிப் போக, கடல் அதன் பின்னாலேயே போனது.

இலையுதிர் காலத்தில், மினாஸ் ஏறிப் போன காலிம்னொஸ் கப்பல் திரும்பியது. கப்பல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: மினாஸ் பருவத்தின் முதல் முக்குளிப்பிலேயே போய்விட்டான், காற்றுக் குழாய் அறுந்தது, உடம்பும் கிடைக்கவில்லை, உடுப்பும் கிடைக்கவில்லை.

"எங்க மாப்பிள்ளையப் பத்திக் கண்டதச் சொல்லாதீங்க" என்றாள் கலித்சா.

ஊர் கணக்குப் போட்டுப் பார்த்தது. கல்யாணம் அதற்குப் பிறகுதான். பாதிரியாரிடம் கேட்டார்கள். "கல்யாணத்துல வேற பொண்டாட்டி இருக்கான்னுதான் விசாரிக்கணும். உயிரோட இருக்கியான்னு கேக்கறதுக்கு ஜெபமே இல்ல" என்றார் அவர்.

இரண்டு ஆண்டுகள் போயின. ஜனவரியில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற திருநாளில், வழக்கம்போலப் பாதிரியார் துறைமுகத்தில் சிலுவையைக் கடலில் எறிந்தார். அதை முங்கி எடுக்க இளைஞர்கள் குதிப்பதற்கு முன்பே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை அதை நீட்டியது. சின்னக் கை, ஒரு வயதுக் குழந்தையின் கை. அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். இளைஞர்களுக்காக இன்னொரு முறை எறிந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலித்சா முன்னால் வந்தாள்.

"பொண்ணா இருந்தா அம்மாவப் பெத்தவ பேருதான் வைக்கணும், சாமி. கலித்சான்னு கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. கீழ கேக்கணும்."

பாதிரியார் சொன்னார்.