இரண்டாம் பிணம் வாய் திறந்த கதை

1.

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில், ஒரு கடையில் கொத்து ரொட்டிக்குக் காத்திருந்தபோது றெபேக்கா சொன்னது. "அக்கா, போன கிழமை நான் செத்துப்போனன்" என்றுதான் ஆரம்பித்தாள். அதைவிட நல்ல முதல் வரி எனக்கு வாய்க்காது. ஆனாலும் எழுதுகிறவள் புத்தி சும்மா இருக்குமா?

ஜாஸ் இசை ஊரையே ஆட்டிவைத்த ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில், மழை கொட்டிய ஓர் —

(வேண்டாம். அது இவள் நடித்த படத்தின் தொடக்கம். இவளுடையது அல்ல.)

2.

றெபேக்கா வெஸ்ட்கேட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். மன்னாரில் பிறந்து சிறுமியாக ஆக்லாந்துக்கு வந்தவள். நடிகையாகும் ஆசையை வீட்டில் மூச்சுவிடாமல் வைத்திருந்தாள். எத்தனையோ நடிகர் தேர்வுகளில் கழிக்கப்பட்ட பிறகு ஒரு வேடம் கிடைத்தது: ஜாஸ் காலத்துக் குற்றப் படமொன்றில், நடனக் கூடத்தில் சுடப்பட்டுக் கிடக்கும் பெண்.

நகரின் மேற்கே ஒரு கிடங்குக்குள் அந்தக் கூடத்தைக் கட்டியிருந்தார்கள். அவளுக்குக் கட்டைமயிர் டோப்பா, முத்துமாலை, நெஞ்சில் சிவப்புச் சாயம்.

"என்ர பேர் என்ன?" என்று உதவி இயக்குநர் நிலேஷிடம் கேட்டாள்.

"பிணம் ரெண்டு."

"ஆர் சுட்டது?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு? அசையாமக் கிடந்தாக் காணும்."

(இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அவள் எனக்குச் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.)

முதலாம் பிணத்துக்குப் பெயர் இருந்தது. பணக்காரர். படம் முழுக்க அவரைக் கொன்றவனைத்தான் தேடுகிறார்கள். இவளைக் கொன்றவனை ஒருவரும் தேடவில்லை.

3.

காட்சி இதுதான்: துப்பறிவாளர் மேசைகளுக்கு நடுவே வர வேண்டும், இவளைத் தாண்டிப் போய்ப் பணக்காரரிடம் குனிய வேண்டும். அந்த வேடத்தில் நடித்தவர் பெயர்பெற்ற நடிகர். ஏகப்பட்ட விளக்குகள், நூறு துணை நடிகர்கள், மேடையில் ஊமையாக நிற்கும் இசைக்குழு.

றெபேக்கா மூச்சடக்கிக் கிடந்தாள். துப்பறிவாளரின் சப்பாத்து அவள் முகத்துக்கு மேலால் போனது. அவள் கை எழும்பி அவருடைய காலைப் பிடித்தது.

4.

ஏன் பிடித்தாள்?

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "போரின் கடைசி நாட்களில் பிணங்களைத் தாண்டி ஓடிய சிறுமியின் கை அது."

அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதும் றெபேக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நாங்கள் அதுக்கு முன்னமே வந்திட்டம். என்னத்துக்கெடுத்தாலும் சண்டையைக் கொண்டுவந்து வைக்காதேங்கோ."

"அப்ப ஏன் பிடிச்சனீர்?"

"நான் இன்னும் சாகேல்லை எண்டு தோன்றிச்சுது. அவ்வளவுதான். ஒராள் என்னைத் தாண்டேக்கை, நில், எனக்கும் ஒரு கதை இருக்கு எண்டு சொல்ல வேணும் போல."

போர் பற்றிய என் வாக்கியத்தைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். நான் அப்படி எழுதியது தெரியட்டும் என்றுதான் மேலே விட்டுவைத்திருக்கிறேன்.

5.

பிறகு? நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: இயக்குநர் கத்துகிறார், அவளை வெளியே அனுப்புகிறார்கள். முடிவு இரண்டு: எல்லோரும் கைதட்டுகிறார்கள். (சீ.)

நடந்தது வேறு. காட்சி கெட்டுவிட்டது, இனி வேடம் கிடைக்காது என்று அவளுக்கு அழுகை முட்டியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இயக்குநர், ஓர் உயரமான பெண், வந்து அவளருகில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நீ சாகேல்லையெண்டால், சுட்டவனைக் கண்டிருப்பாய். ஆர்?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. யோசி. அடுத்த தரம் அவருடைய காதிலை மட்டும் சொல்லு. எங்களுக்கும் சொல்லாதே."

மறுபடி எடுத்தார்கள். கை எழுந்தது, காலைப் பிடித்தது. துப்பறிவாளர் குனிந்தார். றெபேக்கா சொன்னாள். நடிகரின் முகம் வெளிறியதாம். நடிப்புத்தானா என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

6.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"படம் வரட்டும் அக்கா. வாக்குக் குடுத்திட்டன்."

இசைக்குழுவின் மேளக்காரனா? கூடத்தின் முதலாளியா? எனக்கு வேறொரு சந்தேகம்: குனிந்த மனிதரையே அவள் கைகாட்டியிருந்தால்? எழுதிப் பார்த்தேன். பொருந்துகிறது. ஆனால் அது நான் யோசித்த பெயர், அவள் சொன்னது அல்ல.

ஆகவே நீங்கள் குனியுங்கள். முத்துமாலை சரிகிறது. அவளுக்கு இன்னும் மூச்சிருக்கிறது. உதடு அசைகிறது:

"என்னைச் சுட்டது —