காசியெமின் வலது கால்

அறுவடை முடிந்ததும் எங்கள் ஊரில் ஒரு பகல் முழுக்கத் தோல்பொம்மை ஆட்டம் நடக்கும். அதுதான் ஊருக்குத் தீட்டுக் கழிக்கிற சடங்கு. ஆட்டுகிறவர் உட்கார்ந்தால் முடியும்வரை எழக்கூடாது. எழுந்தால் சடங்கு செல்லாது.

இந்த வருஷம் ஆட்டக்காரர் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பாடிய காசியெம், "நான் ஆட்டறேன்" என்றாள். ஆற்றில் என்னோடு லாரிக்கு மணல் அள்ளுகிறவள் அவள். விசேஷ நாளில் நான் மத்தளம் வாசிப்பேன்.

ஊர்த்தலைவர் விக்னோ சிரித்தார். "ஆறு மணி நேரம் மூத்திரத்தை அடக்கிக்கிட்டு ஒக்காருவியா?"

"ஆத்துல பத்து மணி நேரம் அடக்கறேன். அங்க நீங்க எங்க கக்கூஸ் கட்டிக் குடுத்தீங்க தலைவரே?"

அவர் முகம் சுருங்கியது. "சரி. எழாம முடிச்சா இனி வருஷா வருஷம் நீதான். நடுவுல எழுந்தா வெளியூர்லேருந்து ஆம்பளைய அழைச்சிட்டு வருவேன். இன்னொண்ணு, பொம்பள பொம்பள மாதிரி உடுத்தணும்."

உடுத்திவிட்டது அவர் மனைவி முர்னி. கல்யாணப் பெண்ணுக்குச் சுற்றுவதுபோல் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை துணியை இறுக்கமாகச் சுற்றினாள். இடுப்புக் கச்சை மட்டும் பத்து முழம்.

நாலு மணி நேரம் நன்றாகவே போனது. ராஜசபை, தூது, கோமாளிகளின் சண்டை என்று காசியெம் பத்துக் குரலில் பேசினாள். பிறகு போர் வந்தது. போரில் ஆட்டுகிறவரின் இரண்டு கையிலும் பொம்மை இருக்கும். பக்கத்திலிருக்கும் பொம்மைப் பெட்டியில் தொங்கும் வெண்கலத் தகடுகளை வலது காலால் உதைத்துச் சத்தம் எழுப்ப வேண்டும். துணி சுற்றும்போது அந்தக் காலை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

இளவரசன் அறைந்தான். அரக்கன் விழுந்தான். சத்தமே இல்லை. காசியெம் உதைக்கப் பார்த்தாள், உடம்புதான் குலுங்கியது.

"என்னடி, அரக்கன் தானா விழறான்? கள்ளு குடிச்சிருக்கானா?" என்று ஒருத்தி கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தலைவர் ஆசையோடு குனிந்தார். "எழறியா?"

காசியெம் இரண்டு பொம்மைகளையும் திரையடியில் கிடத்தியிருந்த வாழைத்தண்டில் குத்தி நிறுத்தினாள். கோமாளியை எடுத்தாள். கோமாளி கரகரத்த குரலில் சொன்னான்: "அரக்கரே, கொஞ்சம் பொறுங்க. எங்கம்மா கால யாரோ கட்டிப் போட்டுட்டாங்க. கட்டினவங்களே வந்து அவுக்கட்டும்."

சமையல் பந்தலிலிருந்து முர்னி வெங்காயக் கத்தியோடு வந்தாள்.

"ஏய், எல்லாரும் பாக்கறாங்கடி" என்றார் தலைவர்.

"இறுக்கினது நான்தானே? நீங்க அந்தாண்ட திரும்புங்க."

கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரே கிழி. உள்ளே மணல் அள்ளும்போது போடுகிற கால்சட்டை.

அடுத்த உதையில் தகடுகள் அலறின. நாலு மணி நேரம் கட்டுண்டு கிடந்த உதை மொத்தமும் காலில் சேர்ந்திருந்தது. மத்தளத்தோடு நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒரு சாவு சாக வேண்டிய அரக்கனை மூன்று முறை கொன்றாள்; ஒவ்வொன்றுக்கும் பெண்கள் விசிலடித்தார்கள்.

ஆட்டம் முடிந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "எழலதான். ஆனா துணி..."

"துணியப் பத்தி சடங்குல எதுவும் இல்ல" என்றாள் முர்னி.

அவர் மனைவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கத்தி இன்னும் முர்னியின் கையில்தான் இருந்தது. "அடுத்த அறுவடைக்கும் நீதான்" என்றார் காசியெமிடம். "போதும், எழுந்திரு."

"எழ முடியல தலைவரே, கால் மரத்துப்போச்சு. ஒரு கை குடுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தார்.