நோயா என்று கேட்டு வந்த கடிதம்

பம்மல் ஜமாஅத் அலுவலகத்தில் அன்று காலை ஐந்து பேர் கூடியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைவர் மஹீன் பாய். அவருக்கு வலப்பக்கம் கார்பன் தாளும் கையுமாகச் செயலாளர் ஹிதாயத்துல்லா. எதிரே சுவரோரம் முதாசிர், தனியாக. வாசலை ஒட்டிய பெஞ்சில் அவன் மனைவி பரிதாவும் அவளுடைய அண்ணன் சாஹிலும். நடுவில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பரிதாவின் பிறந்த ஊர் ஜமாஅத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே கேள்விதான். முதாசிருக்கு இருப்பது நோயா, நடத்தைக் கேடா? நோய் என்றால் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறோம். இல்லையென்றால் அவள் கேட்கும் மணவிலக்குக்கு ஏற்பாடு செய்கிறோம்.

முதாசிர் தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். இரண்டாயிரத்து ஐந்தில் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. கோட்டை பிடிக்கும் கேம் ஒன்றை ஆடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் மூன்று வருஷமாக எழுந்திருக்கவில்லை. வேலை போனது. அப்புறம் வீட்டில் பேச்சும் போனது.

"டாக்டர் இன்னா எழுதிக் குடுத்தாரு?" என்றார் மஹீன் பாய்.

சிட்லபாக்கம் டாக்டர் ஸ்ரீநிவாசனின் சீட்டை ஹிதாயத்துல்லா வாசித்தார். 'இதை மனநோயாகச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் இருக்கிறது. சிகிச்சைக்கு வந்தால் பார்க்கலாம்.'

"மூணு தரம் தேதி குடுத்தாரு. மாப்ள ஒரு தரமாவது போனாரான்னு கேளுங்க" என்றான் சாஹில். "எங்க போவாரு? கேம்ல கோட்டை காலியா கெடக்குமே!"

"நோய்னே எழுதிடுங்க பாய்" என்றான் முதாசிர். "நானா வேணும்னா பண்றேன்?"

"அப்படியே எழுதிடு ஹிதாயத்து. பேஜார் புடிச்ச வேலை. அவனுக்கும் மானம் நிக்கும்" என்றார் மஹீன் பாய்.

ஹிதாயத்துல்லா ஃபைலைத் திறந்தார். பரிதாவின் ஊருக்கு அவர் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களின் நகல்கள் இருந்தன. இரண்டிலும் 'உடல்நலக் குறைவு. பெண் பொறுமையாக இருக்கவும்' என்று அவர் கையெழுத்து. குடும்ப மானத்துக்காகப் போட்ட மரியாதைச் சொல். அதை நம்பித்தான் ஊரார் இரண்டு தடவையும் அவளை பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"நீ சொல்லும்மா. என்ன எழுதட்டும்?" என்று பரிதாவைக் கேட்டார் ஹிதாயத்துல்லா.

பரிதா நிமிரவில்லை. "ஜுரம்னா நெத்தியத் தொட்டா சுடும் பாய். இதுல தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்ல. நோயா இல்லையான்னு டாக்டருங்க மெதுவா முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் நான் உக்காந்திருக்கணுமா? அத மட்டும் எழுதுங்க. அலுத்துப்போச்சு."

முதாசிர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் மணி பார்ப்பதை ஹிதாயத்துல்லா கவனித்தார். பேனாவைத் திறந்தார்.

'அவருக்கு இருப்பது நோயா என்று மருத்துவர்களே இன்னும் தீர்மானிக்கவில்லை. எங்களுக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் இருமுறை எழுதியது என் பிழை. அவர் சிகிச்சைக்குப் போவதானால் ஜமாஅத் துணை நிற்கும். பரிதா அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.'

மஹீன் பாய் இரண்டு தரம் படித்தார். "உன் பிழைன்னு எதுக்குய்யா?"

"ஃபைல்ல இருக்கே பாய்."

பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார் தலைவர். முதாசிர் எழுந்து போனான்.

"குடுங்க, நானே கொண்டுபோறேன்" என்று சாஹில் கை நீட்டினான்.

"வேணாம் தம்பி. அண்ணன்காரன் எழுதி வாங்கிட்டு வந்துட்டான்னு பேசுவாங்க" என்றார் ஹிதாயத்துல்லா.

உறையில் பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி, ஜமாஅத் முத்திரையைக் குத்தினார். தபால் ஆபீஸ் கவுன்டரில் பதிவுத் தபால் ரசீதை வாங்கியதும் வாசலில் நின்ற பரிதாவிடம் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.