ஸ்கோப்பைத் தாங்கிய தோள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செய்திக்குப் பதில் அனுப்பத் தைரியம் இல்லாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். செல்பேசியில் அது இன்னும் அப்படியே கிடக்கிறது: “உங்க அக்கா பார்த்ததா சொல்ற பறவையை நீங்களும் பார்த்தீங்களா? ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும்.”

அனுப்பியவர் பறவை பார்க்கும் குழுவின் தலைவர். அவருடைய லென்ஸின் நீளத்தைப் பார்த்து வீட்டில் அவருக்குப் பீரங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். அரிய பறவை என்றால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. விதியில் தப்பில்லை. அதை வைத்திருப்பவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏரியின் மேல் பனி மெல்ல விலக, சிறகுகளின்…’

(அடித்துவிட்டேன். பனியும் இல்லை ஒன்றும் இல்லை. சாக்கடை கலக்கும் ஏரி. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.)

இரண்டாவது தொடக்கம்: அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நிற்பவள். தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து அவள் ‘சரி’ என்றால்தான் சட்டை பெட்டிக்குள் போகும். அங்கே அவள் கண்ணுக்கு மறுபேச்சு கிடையாது. ஏரிக்கரையில் மட்டும் பீரங்கியின் ஸ்கோப்புக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நிற்பாள். (ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. பைனாகுலரில் புள்ளியாகத் தெரிவது இதில் பறவையாகத் தெரியும்.) அவள் முறை வருவதற்குள் பறவை பறந்திருக்கும். “அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா” என்பார் பீரங்கி. அடுத்த தடவையும் அதே வரிசைதான்.

இதுவே இருக்கட்டும்.

3

சொந்தமாக ஒரு ஸ்கோப் வாங்குவது என்று முடிவானது. கையில் இருந்தது அவளுடைய போனஸ் மட்டும். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“இது அறுபது மடங்கு பெரிசாக் காட்டும்மா. இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது.”

அக்கா அதை வாசல் பக்கம் திருப்பி, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தாள். “பெரிசாத்தான் இருக்கு. ஆனா பொத்தான்ல எத்தனை துளைன்னு தெரியலையே.”

அலமாரி மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ஸ்கோப் ஒன்று கிடந்தது. அதில் பாதி மடங்குதான். மேலே ரப்பர் உரிந்திருந்தது. அதைக் கையில் எடுத்து அதே சட்டையைப் பார்த்தாள். “நாலு துளை. ஒண்ணுல நூலே ஏறல.”

அதையே வாங்கினோம். போனஸ் அதோடு தீர்ந்தது. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு வழியில்லை.*

“ஸ்டாண்டுக்கு எங்க போறது?” என்றேன்.

“நீ எதுக்குடா இருக்க? சும்மாதானே உக்காந்து எழுதுற.”

(* ஆடுகிற ஸ்கோப் இருப்பதும் இல்லாததும் ஒன்று, ஸ்டாண்டுக்கும் சேர்த்துத்தான் காசு ஒதுக்க வேண்டும் என்று விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்தவர் பீரங்கிதான். அவரிடம் போய்க் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை.)

4

அப்படி நான் ஸ்டாண்ட் ஆனேன். சேற்றுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்வேன். அக்கா என் தோளில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ஸ்கோப்பை வைப்பாள்.

“மூச்சு விடாதே. நீ மூச்சு விட்டா எல்லாம் ஆடுது.”

“விடலன்னா ஒரேயடியா ஆடாமப் போயிடுவேன்.”

அன்று அவள் சிரிக்கவில்லை. தூரத்துச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான் பறவைகள் கூட்டமாக மேய்ந்தன. என் வெறுங்கண்ணுக்கு அவை சிதறிய கடுகு.

“டேய், அதுல ஒண்ணுக்கு மூக்கு நுனி தட்டையா இருக்கு. கரண்டி மாதிரி.” அவள் விரல்கள் என் கழுத்தை இறுக்கின. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிற பறவை அது. படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

“எங்க, நானும் பார்க்கறேன்” என்று எழுந்தேன். ஸ்டாண்ட் எழுந்தால் ஸ்கோப் எதன்மேல் நிற்கும்? மறுபடி மண்டியிட்டு, அவள் தேடிப் பிடிப்பதற்குள் கூட்டமே கிளம்பிப் போய்விட்டது.

5

அக்கா என்ற பாத்திரத்தை நான் முழுதாக நம்பு…

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவள் அந்த மூக்கைப் பார்த்த நேரத்தில் நான் மூச்சு விட்டேன். ஆடுகிற ஸ்கோப்பில் எந்த மூக்கும் தட்டையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் பொத்தானின் துளையை எண்ணியதும் அதே கண்தான்.)

முடிவு ஒன்று: ‘ஆமா’ என்று அனுப்புகிறேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பொய் சொல்லி ஒரு பறவையைச் சேர்க்கக் கூடாதா? அக்காவின் பெயர் குழுவின் அரிய பறவைப் பட்டியலில் ஏறும். பார்க்காத என் பெயரும் பக்கத்தில் ஏறும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கசக்கும்.

முடிவு இரண்டு: ‘இல்லை.’ பீரங்கி எல்லார் முன்னாலும், “ஆர்வத்துல அப்படித் தெரியும்மா” என்பார்.

மூன்றாவதை யோசிப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். பின்னால் நின்று இதுவரை எழுதியதைப் படித்தாள்.

“அவருக்கு நீ என்ன வேணா அனுப்பிக்கோ. நான் பார்த்தேன்னு நீ நம்புறியா? அதை மட்டும் சொல்லு.”

நான் வாய் திறக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவளுக்கு அது போதும்.

“சரி, எழுது” என்றாள்.

6

இனி உங்கள் பாடு. நீங்களும் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. என்னைவிட நீங்கள் ஒன்றும் மேலான சாட்சி இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அக்கா ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்புகிறாள். துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் யாராவது ஒருவர் சொல்லுங்கள். அவள் பார்த்தாளா?