இசைப் பிரிவில் லயம்

மூணாறிலிருந்து மலையிறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்து பாலக்காடு வந்தவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இருக்காது. எனக்கு இல்லை. ஆனாலும் பல்கலைக்கழக நூலகத்தின் படியேறினேன்.

மாட்டுப்பட்டிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்துப் பெண்களைப் பேசவைத்து, மூன்று வருடம் அலைந்து பதிவு செய்திருந்தேன். ஆய்வு முடிந்ததும் நூலகத்தின் திறந்த களஞ்சியத்துக்குக் கொடுத்தேன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். கேட்பாரில்லாத பதிவுகளை இந்த வாரத்தோடு எடுத்துவிடப் போகிறார்களாம். என்னுடையதும் அதில் ஒன்று.

"யாருமே கேக்கலையா சார்?" என்றேன், களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் நாராயண் சாரிடம்.

"தொறக்கறா. அரை நிமிஷத்திலே மூடிடறா. முழுக்கக் கேட்டாத்தான் கணக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார். யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார்: 'மிருதங்கம் எப்போது வரும்?'

மேலே பார்த்தேன். தலைப்பு, எஸ்டேட் லயம். பிரிவு, கர்நாடக இசை.

"சார், லயம்னா வீடு! வரிசையா ஒட்டிக் கட்டி, எங்கள குடிவச்சிருக்காங்களே, அந்த வீடு!"

அவர் கல்பாத்திக்காரர். குடும்பமே கச்சேரிக் குடும்பம், தாளமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. லயம் என்றதும் அவருக்கு வேறென்ன தோன்றும்? முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, நேக்குத் தெரியாமப் போச்சே."

"ஒரு நிமிசம் போட்டுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே சார்."

"வரது அத்தனையும் கேட்டுண்டிருந்தா வேலை நடக்குமா? இங்கே நான் ஒருத்தன் ஆக்கும்."

அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவர் பிரிவைத் திருத்தினார். பிறகு தணிந்த குரலில், "உங்க ஊர்க்காரா நாலு பேரை முழுக்கக் கேக்கச் சொல்லுங்கோ. போறும், தப்பிச்சுடும்," என்றார்.

அங்கிருந்தே சாந்தம்மாள் அத்தையைப் போனில் கூப்பிட்டேன். பக்கத்து வீடு, கொழுந்து எடுக்கிறவர், பதிவில் அதிகம் பேசியவர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, வெளிய உள்ளவுக கேப்பாகன்னு சொல்லித்தான பேச வச்ச?" அத்தையின் குரல் சோர்ந்திருந்தது. "எங்க பேச்ச நாங்க கேக்கதுக்கு போனு எதுக்கு? ரெண்டு வீட்டுக்கு ஒரு சொவரு. தெனமும் கேட்டுக்கிட்டுதான கெடக்கோம்."

ஊரில் வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு, மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்து நாராயண் சாரிடம் நீட்டினேன்.

"நீங்க கேளுங்க சார்."

"நான் ஸ்டாஃப் இல்லையா? நான் கேட்டா கணக்கிலே வராதும்மா."

"வராட்டி போகுது. கேளுங்க."

காதில் மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு நேரம் வந்து போனது, அவர் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எதிர் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

வாரக் கடைசியில் பதிவை எடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போனதும் அத்தையிடம் சொன்னேன், வெளியாள் ஒருத்தர் முழுசாகக் கேட்டார் என்று.

அத்தை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார்.

"ஒருத்தருதானாட்டி?" என்றார்.